வெற்றிலை வட்டாவும் உமிழ்நீரின் சாட்சியும்

மட்டக்களப்பு நாட்டை வாவி இரு கூறாக்குகிறது. கடலை அடுத்த கரை எழுவான்கரை. வயலும் காடும் சூழ்ந்த மேற்குக் கரை படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்று நம் முன்னோர் இட்ட பெயர்கள் இவை. பெயரைப் பார்த்தால் இஃது இயற்கை செய்த பிரிவு. ஆயின் வாழ்க்கையில் வேறொரு பிரிவும் இதனோடு சேர்ந்தே வளர்ந்தது. பெரிய வைத்தியசாலையும் கந்தோர்களும் பெயர்பெற்ற கல்லூரிகளும் பட்டினத்தையும் எழுவான்கரையையும் சார்ந்தே அமைந்தன. நெல் விளையும் பெருநிலமும் அதனை விளைவிக்கும் கைகளிற் பெரும்பகுதியும் படுவான்கரையில் இருந்தன.

இரு கரைக்கும் பொதுவான பொருள்களுள் ஒன்று வெற்றிலை வட்டா. போடியாரின் திண்ணையில் அது பித்தளையாகப் பளபளக்கும். வயலைக் காக்கும் முல்லைக்காரனின் குடிலில் அதன் இடத்தை ஓர் ஓலைப்பெட்டியோ இடுப்பு மடியோ பிடித்துக்கொள்ளும். தமிழர் வீட்டிலும் முஸ்லிம்கள் வீட்டிலும் கலியாணப் பேச்சு வெற்றிலையோடுதான் தொடங்கும். பிணக்குத் தீர்ந்ததற்கு அடையாளமும் வெற்றிலை கொடுத்து வாங்குவதுதான். ஆனால் களவெட்டியில் இரவிரவாகச் சூடடித்தவனுக்கும், வாவியில் விடியும்வரை வலையோடு காத்திருப்பவனுக்கும் அது வெறும் உபசாரப் பொருள் அன்று. பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் சத்து நரம்பைத் தூண்டுகிறது. புகையிலையின் நிக்கொற்றின் அதற்குத் துணை செய்கிறது. பசி மந்தப்படுகிறது, உறக்கம் விலகுகிறது. செல்வர் திண்ணையில் மரியாதையாக இருந்த அதே பொருள், உழைப்பாளியின் வாயில் வேலை நேரத்தை நீட்டிக்கும் மலிவான சரக்காயிற்று.

அந்தச் சரக்கின் உண்மையான விலை பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். இலங்கை ஆண்களிடையே எல்லாப் புற்றுநோய்களிலும் முதலிடத்தில் நிற்பது உதடு, வாய், தொண்டை ஆகியவற்றைப் பற்றும் புற்றுநோயே. மேலைநாட்டு ஆண்களிடம் அந்த இடத்தைப் பிடித்திருப்பவை வேறு புற்றுநோய்கள். இந்த நோய் நம்மிடம் ஏன் இவ்வளவு பெருகியது? கண்ணாடியின் உதவியால் நாமே பார்க்கக்கூடிய உறுப்பில் தோன்றும் நோய், ஏன் இவ்வளவு பிந்தி வைத்தியரிடம் வருகிறது? இன்று உமிழ்நீரின் ஒரு துளியிலிருந்து இந்நோயை முன்கூட்டியே அறிய ஆராய்ச்சியாளர் முயல்கின்றனர். அந்தச் செய்தியை வியந்து படிப்பது மட்டும் போதாது. நோயின் அடையாளம் காலந்தோறும் எவ்வாறு மாறிவந்தது, அவ்வடையாளம் யாருக்குப் பயன்பட்டது என்று வரலாற்றைக் கேட்கவேண்டும்.

வெற்றிலை போடும் வழக்கம் மிகத் தொன்மையானது. ரொபேட் நொக்ஸ் 1660இல் திருகோணமலையை அடுத்த கொட்டியாரத்தில் சிறைபிடிக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு வாழ்ந்தவர். 1681இல் வெளியான அவரது நூல் அன்றைய மக்கள் வெற்றிலை மென்றதைக் குறிப்பிடுகிறது. ஆனால் பாக்கு வெறும் வழக்கமாக இருக்கவில்லை. அது வணிகப் பொருளாகவும் ஆயிற்று. கண்டி நாட்டுப் பாக்கு கிழக்குத் துறைமுகங்கள் ஊடாகவும் சோழமண்டலக் கரைக்குச் சென்றது; அங்கிருந்து துணி வந்தது. இந்த இலாபத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளவே ஒல்லாந்தக் கும்பெனி, 1660களின் பிற்பகுதியில் கொட்டியாரத்தையும் மட்டக்களப்பையும் மீண்டும் பிடித்துக்கொண்டு கண்டியின் கடல் வழிகளை அடைக்க முற்பட்டது. வெற்றிலையோடு சேரும் புகையிலைக்கும் இதுபோன்ற வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்துப் புகையிலைக்கு 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் பெருஞ்சந்தையாக இருந்தது. மக்களின் பழக்கத்தை மாத்திரம் குறைகூறுவோர், அப்பழக்கத்தால் வரியும் இலாபமும் ஈட்டியவர்களை மறந்துவிடலாகாது.

நோயின் முதல் அடையாளம் புண். ஆறாத புண், வீங்கிய கழுத்து, திறக்க இயலாத வாய் ஆகியவற்றோடு வந்தவர்களைக் கண்டே வைத்தியர்கள் காரணத்தைத் தேடலாயினர். சென்னைப் பொது வைத்தியசாலையின் சத்திரவைத்தியர் நிப்லொக் 1902இலேயே வாய்ப்புற்றுநோயை வெற்றிலை போடும் வழக்கத்தோடு தொடர்புபடுத்தி எழுதினார். கொழும்பின் சத்திரவைத்தியர் ஆர். எல். ஸ்பிற்றல் 1923இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் இலங்கையின் வாய்ப்புற்றுநோய் பற்றி எழுதினார். வேடர்களைப் பற்றி நூல்கள் எழுதிப் புகழடைந்த அதே ஸ்பிற்றல்தான் இவர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூர், அக்காலத்தில் தென் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அவ்விடத்து மிஷன் வைத்தியசாலையின் அநுபவத்தை வைத்து ஓர் என்பவர் 1933இல் வெளியிட்ட ஆய்வு, வெற்றிலையோடு மெல்லும் புகையிலையின் பங்கையும் ஆராய்ந்தது. வெற்றிலை போடுதல் பற்களையும் வாயையும் எவ்வாறு தாக்குகிறது, புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பு யாது என்பன பற்றி இலங்கைப் பல்வைத்தியர் டபிள்யூ. பாலேந்திரா 1949இல் எழுதினார்.

இவர்கள் கண்டதை உலக அளவில் நிலைநாட்ட மேலும் நெடுங்காலம் சென்றது. யப்பானிய ஆய்வாளர் ஹிராயாமா, இலங்கையும் இந்தியாவும் உள்ளிட்ட ஆசிய நாடுகளின் வாய், தொண்டைப் புற்றுநோய் பற்றிய தமது ஆய்வை 1966இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியிட்டார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் 1985இல், புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கலவை புற்றுநோயை உண்டாக்கும் என்று தீர்ப்பளித்தது. புகையிலை இல்லாவிடினும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்ற முடிவு 2004இல் வெளியான அந்நிறுவனத்தின் அறிக்கையில் இடம்பெற்றது. நிப்லொக்கின் குறிப்புக்கும் இந்த முடிவுக்கும் இடையே நூறாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. மேலைநாடுகளின் நகரங்களில் இந்நோய் இவ்வாறு பெருகியிருந்தால் உலகம் இத்தனை பொறுமையாக இருந்திருக்குமா?

இத்தீர்ப்பில் ஒரு நுட்பம் உண்டு. குற்றவாளிகள் பாக்கும் புகையிலையுமே. சுண்ணாம்பு வாயின் காரத்தன்மையைக் கூட்டிப் பாக்கின் தீங்கு விரைவதற்கு வழிசெய்கிறது. வெற்றிலை இலை மீது அத்தகைய குற்றம் நிறுவப்படவில்லை. ஆகவே முன்னோரின் உபசாரத்தை இழிவுபடுத்தவேண்டிய தேவை எவருக்கும் இல்லை. விருந்தினர் முன் வட்டா வைக்கப்படலாம்; ஆனால் பாக்கையும் புகையிலையையும் வாயில் அடக்கிவைக்கும் பழக்கம் நீங்கவேண்டும்.

இரண்டாவது அடையாளம் புண்ணுக்கு முன்பே தோன்றுவது. கன்னத்தின் உட்புறத்திலோ நாவின் ஓரத்திலோ வெண்படலம் படியும். சிலவேளை அது செந்நிறமாயும் இருக்கும். வேறு சிலருக்கு உறைப்புக் கறி தாங்கமுடியாமல் வாய் எரியும். கன்னத்தின் உட்தசை நார்போல் இறுகும். நாளடைவில் சோற்றுக் கவளம் நுழையவும் வாய் திறவாது. பாக்கினால் வரும் இந்த இறுக்கத்தை 1950களின் தொடக்கத்தில்தான் நவீன மருத்துவம் தனி நோயாக விவரித்தது. இத்தகைய மாற்றங்கள் எல்லாமே புற்றுநோயாவதில்லை. ஆனால் அவற்றுட் சில ஆகும். அந்நிலையிலேயே கண்டுபிடித்தால் உயிரைக் காக்கலாம். முகம் சிதையாமலும் காக்கலாம்.

இந்த அறிவைக் கிராமத்துக்குக் கொண்டுசெல்ல நம் நாட்டிலேயே ஓர் அருமையான முயற்சி நடந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்ட நாள்முதல், வீடுவீடாகச் செல்லும் சுகாதார ஊழியர் வரிசையொன்று இலங்கையில் வளர்ந்துவந்தது. அவ்வூழியருக்கு வாயைச் சோதிக்கக் கற்பித்தால் என்ன என்று வர்ணகுலசூரியவும் அவருடைய தோழர்களும் எண்ணினர். டென்மார்க்கு நாட்டின் வாய்நோய் நிபுணர் பின்போர்க்கும் அவர்களோடு சேர்ந்திருந்தார். 1984இல் வெளியான அவர்களது அறிக்கையின்படி, 34 ஊழியர்கள் ஓராண்டுக்குள் 28,000க்கு மேற்பட்டோரின் வாயைச் சோதித்தனர். ஐயத்துக்குரிய 1,220 பேரை மேற்சோதனைக்கு அனுப்பினர். அனுப்பப்பட்டு வந்தோருட் பெரும்பாலோரைப் பற்றி ஊழியர் கூறியது சரியாகவே இருந்தது. ஒரு கைவிளக்கும் சில நாட்பயிற்சியும் பெற்ற சாதாரண ஊழியர், நிபுணரின் கண்ணுக்கு அருகே வந்துவிட்டார் என்பது இதனால் விளங்கியது.

ஆனால் அவ்வறிக்கையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அனுப்பப்பட்ட 1,220 பேருள் மேற்சோதனைக்கு வந்தவர் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் மாத்திரமே. ஏனையோர் வரவில்லை. அடையாளம் கிடைத்துவிட்டது, அதற்குரியவர்தான் வரவில்லை. இந்நோயின் வரலாற்றில் இதைவிடக் கவனிக்கத்தக்க உண்மை வேறில்லை என்றே நான் கருதுகிறேன்.

அவர்கள் ஏன் வரவில்லை? அந்த ஆய்வு நம் வாவிக்கரையைப் பற்றியதன்று. எனினும் இந்தக் கேள்விக்குரிய விடையைப் படுவான்கரையை அறிந்தவர் எளிதிற் கூறுவர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைப் பகுதி மக்கள் அத்துறையில் ‘பாதை’ என்னும் மிதவையில் ஏறியே வாவியைக் கடந்தனர். பாதைக்குக் காத்திருந்து, பேருந்துக்குக் காத்திருந்து, வைத்தியசாலை வரிசையிலும் காத்திருந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். நம் நாட்டில் அரசாங்க வைத்தியம் இலவசம். ஆனால் போக்குவரத்து இலவசமன்று, இழந்த கூலியை எவரும் திருப்பித் தருவதுமில்லை. நோவில்லாத ஒரு வெண்படலத்துக்காக அறுவடைக் காலத்தில் கூலியை இழக்க எந்த ஏழை துணிவான்? நோய் முற்றிய பின்னரோ, கதிர்ச் சிகிச்சைக்காக 300 கிலோமீற்றருக்கு மேல் கடந்து மகரகமை செல்லவேண்டிய காலம் நெடிது நிலவியது. அங்கே மொழியும் வேறு. துணைக்குச் செல்பவரின் கூலியும் போகும். இதற்கு மேல் யுத்தமும் வந்தது. 1990க்கும் 2007க்கும் இடையே நெடுங்காலம் இரு கரைகளும் இரு வேறு ஆட்சிகளின் கீழ்க் கிடந்தன. வைத்தியசாலைக்குப் போகும் வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். அக்காலத்தில் வாயில் ஒரு புண் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வாவியைக் கடப்பது இலேசான காரியமா?

இப்போது மூன்றாவது அடையாளத்துக்கு வருவோம். இதனைக் கண்ணாற் காணமுடியாது. நம் உடலின் உயிரணுக்களில் டி.என்.ஏ. என்னும் மூல ஏடு இருக்கிறது. அதிலிருந்து படியெடுக்கப்படும் ஓலைகளே ஆர்.என்.ஏ. அவ்வோலையில் எழுதிய கட்டளைப்படி புரதங்கள் ஆக்கப்படுகின்றன. புரதத்துக்கான கட்டளை மூல ஏட்டில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கும் குறைவு. எஞ்சிய பகுதியைப் பயனற்றதென்று பலர் நெடுங்காலம் ஒதுக்கியிருந்தனர். ஆனால் அப்பகுதியிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ.க்கள் படியெடுக்கப்படுகின்றன. அவை எந்தப் புரதத்தையும் ஆக்குவதில்லை. மற்ற ஓலைகள் எப்போது, எவ்வளவு படிக்கப்படவேண்டும் என்பதை நெறிப்படுத்துகின்றன. இவையே புரதக் கட்டளை ஏந்தாத ஆர்.என்.ஏ.க்கள்.

இவற்றுள் மிகச் சிறியவை நுண் ஆர்.என்.ஏ.க்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 22 எழுத்து நீளமுடையது. 1993இல் விக்டர் அம்புரோசும் கரி றவ்குனும் ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள சிறு புழுவொன்றை ஆராய்ந்து, இத்தகைய நுண் ஆர்.என்.ஏ. வேறோர் ஓலையோடு ஒட்டிக்கொண்டு அதன் வேலையைத் தடுப்பதைக் காட்டினர். அப்போது பலர் அதைப் புழுவுக்கே உரிய விநோதமென எண்ணினர். அது மனிதர் உள்ளிட்ட விலங்குலகம் முழுவதும் இயங்கும் நெறி என்பது பின்னர் தெரிந்தது. 2024இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

புற்றுநோயில் இந்த நெறி குலைகிறது. மிர்-21 என்று பெயரிடப்பட்ட நுண் ஆர்.என்.ஏ. வாய்ப்புற்றுநோய்க் கட்டிகளில் அளவு மீறிப் பெருகுகிறது; உயிரணுவின் பெருக்கத்துக்குக் கடிவாளமிடும் புரதங்களை அது குறைத்துவிடுகிறது. வேறு சில நுண் ஆர்.என்.ஏ.க்கள் அளவிற் குறைகின்றன. கட்டியிலிருந்து இவை இரத்தத்திலும் உமிழ்நீரிலும் கலக்கின்றன. லொஸ் ஏஞ்சலிஸில் டேவிட் வொங்கின் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வாய்ப்புற்றுநோயாளரின் உமிழ்நீரில் மிர்-125அ, மிர்-200அ ஆகிய இரண்டும் குறைந்திருந்தன. உமிழ்நீரில் இயல்பாகவுள்ள நுண் ஆர்.என்.ஏ.க்கள், வெளியிலிருந்து சேர்க்கப்பட்டவற்றைப் போல் விரைவாக அழிவதில்லை என்பதையும் அவர்கள் கண்டனர். நம்மைப் போலவே பாக்கு மெல்லும் மக்கள் வாழும் தாய்வானில், மிர்-31 நோயாளரின் இரத்தநீரில் உயர்ந்திருப்பதும் கட்டியை அகற்றியபின் தாழ்வதும் 2010இல் அறிவிக்கப்பட்டன. 200 எழுத்துக்கு மேற்பட்ட நீண்ட ஆர்.என்.ஏ.க்களையும் உமிழ்நீரிற் கண்டறிந்துள்ளனர்.

இவற்றைப் படிக்கும்போது நம்பிக்கை பிறப்பது இயல்பு. கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம். ஒரு சிறு குப்பியில் உமிழ்ந்தால் போதும். அக்குப்பியே வாவியைக் கடந்து சென்றுவிடும். நோயில்லாத மனிதன் ஒரு நாட்கூலியை இழக்கவேண்டியதில்லை. விஞ்ஞானம் மக்களிடம் வந்தால் இப்படித்தான் வரவேண்டும். ஆயினும் நம்பிக்கையைச் சோதிக்காமல் விடுவது விஞ்ஞானமாகாது. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறு தொகையினரிடம் நடத்தப்பட்டவை. ஓர் ஆய்வில் முதன்மை பெற்ற நுண் ஆர்.என்.ஏ. இன்னோர் ஆய்வில் அவ்வளவு துலங்குவதில்லை. ஐயத்துக்குரிய இடத்தில் சிறு துண்டு தசையை எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்ப்பதே இன்றும் நோயை உறுதிசெய்யும் வழி.

இதிலும் முக்கியமான கேள்வி, யாரை யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்பது. தலை, கழுத்துப் புற்றுநோய்க் கட்டிகளின் மரபணு நிலையை விரிவாக ஆராய்ந்து 2015இல் அமெரிக்கா வெளியிட்ட பெருந்தொகுப்பில் 279 கட்டிகள் இடம்பெற்றன. அங்கே நோயை உண்டாக்குவன பெரிதும் சிகரெட்டும் மதுவும். தொண்டைப் பகுதியில் பப்பிலோமா என்னும் வைரசு. நம்மிடமோ கன்னத்துக்கும் முரசுக்கும் இடையே அடக்கிய பாக்கு. இந்திய ஆய்வாளர்கள் கன்ன, முரசுப் புற்றுநோயைத் தனியாக எடுத்து ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டது இதனாலேயே சிறப்புடையது. வெற்றிலை போடும் நோயாளியையும் வெற்றிலையே தொடாத சுகதேகியையும் ஒப்பிட்டு ஓர் அடையாளத்தைக் கண்டால், அது புற்றுநோயின் அடையாளமா, வெற்றிலை போட்டதன் அடையாளமா? நாற்பது ஆண்டு வெற்றிலை போட்டும் நோய்வாய்ப்படாத படுவான்கரை விவசாயியின் உமிழ்நீரும், வெண்படலம் மாத்திரம் உள்ள மீனவப் பெண்ணின் உமிழ்நீரும் அந்தக் கணக்கிற் சேரவேண்டும். அவர்களைச் சேர்க்காமல் ஆக்கப்பட்ட சோதனை, அவர்களைப் பற்றிப் பொய்ச் சாட்சி சொல்லக்கூடும்.

அவர்களைச் சேர்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. மக்கள் உமிழ்நீர் கொடுக்கும் குப்பிகளாக மாத்திரம் ஆகிவிடக் கூடாது. எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது அவர்கள் மொழியில் விளக்கப்படவேண்டும். நோய் கண்டால் சிகிச்சைக்கு வழி செய்யப்படவேண்டும். அவர்கள் தந்த பொருளிலிருந்து பிறக்கும் சோதனை, காப்புரிமையின் பேரால் அவர்களுக்கே எட்டாத விலைக்கு விற்கப்படலாகாது. ஒரு காலத்தில் கிழக்கிலிருந்து பாக்கு சென்றது. இலாபம் வேறிடத்திற் குவிந்தது. உமிழ்நீரின் கதையும் அப்படி முடியவேண்டுமா?

புதிய சோதனை பயனுக்கு வரும்வரை கைகட்டிக் காத்திருக்கவேண்டியதும் இல்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் 1990களின் நடுப்பகுதியில் தொடங்கிய பேராய்வொன்றின் முடிவு 2005இல் வெளியாயிற்று. மருத்துவம் பயிலாத பட்டதாரிகளே பயிற்சி பெற்று, வீடுவீடாகச் சென்று மக்களின் வாயைச் சோதித்தனர். புகையிலையோ மதுவோ பழகியோரிடையே, சோதனை நடந்த பகுதிகளில் வாய்ப்புற்றுநோய் மரணம் நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது. இந்தச் சாதனைக்குக் கருவி மனிதக் கண்ணே. ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடாத வேலையா இது?

நாட்டில் மாற்றங்கள் வராமலில்லை. பாக்குக் கலந்த, மெல்லும் புகையிலைப் பொதிகளை ஆக்குவதையும் விற்பதையும் 2016இல் இலங்கை அரசு தடைசெய்தது. மண்முனைத் துறையில் பாலம் நிற்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவும் உண்டு. ஆனால் சட்டம் பொதியைத் தடுக்கும். களைத்த உடலுக்கு ஓய்வு கொடுக்காது. பாலம் வழியைக் குறுக்கும். இழந்த கூலியை ஈடுசெய்யாது. இரவு முழுவதும் உழைத்தாலன்றி வாழமுடியாத நிலை நீடிக்கும்வரை, உறக்கத்தை விரட்டும் ஏதோவொன்று உழைப்பாளியின் மடியில் இருந்தே தீரும். ஆகவே வெற்றிலையை விடு என்று அவனுக்கு உபதேசிக்கும் நாம், அவனுக்குரிய கூலியையும் ஓய்வையும் பற்றிப் பேசாமல் இருக்க நியாயமில்லை.

புண்ணைக் கண்டார்கள், பின்னர் வெண்படலத்தைக் கண்டார்கள், இப்போது 22 எழுத்துள்ள நுண்ணிய ஓலையையும் காண்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அடையாளம் முன்னேறி வந்திருக்கிறது. மனிதனின் அறிவுக்கு இது பெருமை. ஆனால் 1984ஆம் ஆண்டு அறிக்கையில் வராமற்போனவர்களின் இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும் மாணவன், தன் பாட்டனாரின் அருகே அமர்ந்து, ஒரு கைவிளக்கை ஏந்தி, “அப்பு, வாயை ஒருக்கால் திறவுங்கோ” என்று கேட்கட்டும். வெண்மையோ செம்மையோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ கண்டால், அவரைத் தானே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லட்டும். அன்றைய கூலியை வீட்டார் பகிர்ந்து சுமக்கட்டும். அந்த நுண்ணிய ஓலை மட்டக்களப்புக்கு வந்து சேரும் நாளில், அதனைப் பெற்றுக்கொள்ள நம் மக்கள் உயிரோடு இருக்கவேண்டும்.